நண்டின் வாயைத் திறப்பவர்

ஆரோக்கியமேரியின் கண் எதிரே நிற்கும் அம்மாளிடம் இருக்கிறது. வாய், "பாக்கு கலரு உங்களுக்கு எடுப்பா கீதும்மா" என்று சொல்லிக்கொண்டிருக்கிறது. இதற்குள் வலது கை புடவையின் மடிப்புக்குள் போய், ஒரு நண்டைப் பிடித்து, கவிழ்த்து, மேசையில் ஓரிடத்தில் வைத்து எடுத்தாகிவிட்டது. 'டிக்' என்று ஒரு சத்தம். நண்டு ஒரு கூடையில், ஊசி இன்னொரு கூடையில், புடவை பையில். மூன்று விநாடி. அந்த அம்மாள் இன்னும் பாக்கு கலரைப் பற்றிய யோசனையிலேயே நிற்கிறார்.

தியாகராய நகரில் ஆறு மாடிகளும் அவ்வப்போது ஓடுகிற ஒரு லிஃப்டும் கொண்ட ஜவுளிக்கடை அது. இரண்டாவது மாடி டெலிவரி கவுன்டர் மேரியின் ராஜ்யம். நண்டு என்று அவர் சொல்வது, திருட்டுப் போகாமலிருக்கத் துணியில் மாட்டி வைக்கிற சாம்பல் நிறப் பிளாஸ்டிக் பூட்டை. ஒரு பக்கம் நண்டு, மறுபக்கம் ஊசி, நடுவில் மாட்டிக்கொண்டு விழிக்கிற பட்டு. இந்தப் பூட்டுக்குத் துவாரம் கிடையாது; சாவிக்குப் பல் கிடையாது. இட்லித் தட்டின் ஒற்றைக் குழி அளவில், மேசையோடு சேர்த்து முடுக்கி வைத்திருக்கும் காந்தம்தான் சாவி. நண்டின் வயிற்றுக்குள் கடுகளவில் மூன்று இரும்புக் குண்டுகள் ஊசியைக் கவ்விக்கொண்டிருக்கும். இழுக்க இழுக்க இறுக்கும். காந்தத்தின் மேல் வைத்தால் பிடியை விட்டுச் சரிந்துவிடும். இதை விளக்கக் கம்பெனியிலிருந்து இரண்டு பேர் வந்து ஒரு மணி நேரம் படம் காட்டினார்களாம். மேரிக்கு ஒரு வரி போதும்: "வலிச்சா கடிக்கும் சார். சித்தப்பா மடில படுக்க வெச்சா வாயத் தொறந்துடும்."

காந்தத்துக்குச் சித்தப்பா என்று பெயர் வைத்தவரும் அவரேதான். "எங்க சித்தப்பா ஒர்த்தர் இருந்தாரு. கைக்கு வந்தத வுடவே மாட்டாரு. ஆனா அவரு மடில யார் ஒக்காந்தாலும் மனசுல கீறது மொத்தம் கொட்டிடுவாங்க. அதான்."

சித்தப்பாவோடு பதினோரு வருஷம் பழகியதில் மேரி மூன்று கைக்கடிகாரங்களை இழந்திருக்கிறார். நான்காவது வாங்கவில்லை. மணி கேட்டால் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்து, "மாம்பலம் ஸ்டேசன் கூட்டம் முக்கு வரிக்கும் வந்துச்சி, ஆறரை" என்பார். சரியாகத்தான் இருக்கும். தோளில் ஊக்கு குத்துவதையும் விட்டுவிட்டார். குனிந்தால் ஊக்கும் தோளும் சேர்ந்து மேசைக்குப் போய்விடுகின்றன. முந்தானையை இழுத்து இடுப்பில் செருகுவதோடு சரி.

அடையாற்றங்கரையிலிருந்து பெரும்பாக்கத்துக்கு மாற்றப்பட்ட குடும்பம். எட்டாவது மாடியில் வீடு. அங்கே துவைத்த துணியை மடிக்கும்போதும் கை தானாக நண்டு தேடுகிறது. கணவர் அசோகனின் லுங்கியில் இதுவரை எதுவும் அகப்படவில்லை. "லுங்கிக்கு எவன்டி பூட்டு போடுவான்?" என்று அவர் கேட்டிருக்கிறார். "உனுக்கெல்லாம் போடணும்யா" என்பது பதில்.

பெசன்ட் நகர் வேளாங்கண்ணி கோயிலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, முன்வரிசையில் முழந்தாளிட்டிருந்த பெண்ணின் முதுகில் ஒரு நண்டு தொங்கியது. பூசை முடியும்வரை மேரி பொறுத்திருந்தார். பிறகு அவர் காதருகே போய், "அக்கா, முந்தானில நண்டு கீது. நாளைக்கு டி.நகர் வாங்க, எடுத்து வுடறேன். பில்லு கொண்டாங்க" என்றார். அந்தப் பெண்ணின் முகம் போன போக்கைப் பார்த்து, இன்னும் தணிந்த குரலில், "பில்லு இல்லாட்டி மாதா கிட்டவே வெச்சிட்டுப் போய்டுங்க" என்று சேர்த்தார். அவர் வந்தாரா என்று நான் கேட்டேன். "நான் இன்னா போலீஸா?" என்றார் மேரி.

கடை வாசலில் இரண்டு கம்பங்கள் நிற்கின்றன. நண்டோடு யாராவது கடந்தால் அவை கத்த வேண்டும். கத்துகின்றன, குடை, டிபன் பாக்ஸ், சந்தேகத்துக்கிடமான குழந்தை எல்லாவற்றுக்கும் கத்துகின்றன. ஆடித் தள்ளுபடி நாட்களில் வாசல் காவலர் திரும்பிப் பார்க்காமலே "போங்க, போங்க" என்று கையசைக்கப் பழகிவிட்டார். ஆகவே கடையின் மானம் கம்பத்திடம் இல்லை, மேரியின் விரல்களிடம் இருக்கிறது. பதினோரு வருஷத்தில் ஒரு நண்டையும் அவர் வெளியே விட்டதில்லை.

போன ஆவணியில் விட்டார்.

முகூர்த்த நாள். காலை ஒன்பது ஐந்துக்குக் கடையில் போன் அடித்தது. சட்டை மாற்ற வந்து நான் கவுன்டரில் நின்றிருந்தேன். மாடி மேனேஜர் ரகுபதி போனை எடுத்து, இரண்டே விநாடியில் ஸ்பீக்கரில் போட்டு மேரியின் பக்கம் நீட்டினார். மயிலாப்பூர் லஸ் பக்கத்துக் கல்யாண மண்டபம் ஒன்றிலிருந்து ஒரு மாமி பேசினார்.

"ஏம்மா, எங்க பொண்ணு வைதேகிக்குக் கூறைப்புடவை உங்க கடையிலதானே வாங்கினோம்? பிரிக்கவே வரலைம்மா! உள்ளே என்னமோ ரெண்டு மடிப்பையும் சேர்த்துக் கவ்விண்டிருக்கு!"

மேரியின் கை நின்றது. விலை கூடின பட்டுக்கு நண்டு இரண்டு: வெளியே ஒன்று, உள்மடிப்பில் ஒன்று.

"மாமி, நீங்கதான அன்னிக்கு என் கையப் புடிச்சி நிறுத்தினீங்க?"

மூன்று வாரம் முன்பு நடந்தது இருவருக்கும் நினைவு வந்துவிட்டது. கூறைப்புடவையின் மடிப்பு முகூர்த்தத்தன்றுதான் கலைய வேண்டும் என்பது அந்த வீட்டு வழக்கமாம். வெளி நண்டை எடுத்துவிட்டு மேரி உள்ளே கை விடப்போனபோது மாமி மணிக்கட்டைப் பிடித்து, "கையை விடாதேம்மா, மடிப்பு கலைஞ்சுடும்" என்று கெஞ்சியிருக்கிறார். சாமி சமாச்சாரம் என்று மேரி முதல்முறையாகக் கையை வெளியே எடுத்திருக்கிறார். வாசலில் கம்பம் கத்தியிருக்கிறது. "போங்க, போங்க" என்று காவலர் கையசைத்திருக்கிறார். கம்பம் உண்மையைச் சொன்ன அந்த ஒரே நாளில் அதை நம்ப ஆள் இல்லை.

"பத்தரைக்கு முகூர்த்தம் முடியறது" என்றது போனில் ஒரு ஆண்குரல். பெண்ணின் அப்பா ஸ்ரீனிவாசராகவன். "அதுக்குள்ள ஒன்பது கஜத்தையும் கட்டிண்டு அவ மேடைக்கு வரணும். யாராவது அந்தப் பாக்குவெட்டியை எடுத்துண்டு வாங்கோ!"

"ஐயோ மாமா, கை வெக்காதீங்க!" என்று மேரி கத்தியதில் மூன்றாவது மாடி எட்டிப் பார்த்தது. "பட்டு கியிஞ்சிடும்! நீங்க எதையும் தொடாதீங்க, நான் வரேன்!"

புடவையைக் கடைக்குக் கொண்டுவந்து திரும்பக் கொண்டுபோக நேரமில்லை. மெட்ரோவுக்காகத் தோண்டிப் போட்ட சாலையில் ஒரு வழிப் பயணத்துக்கே ஜாதகம் பார்க்க வேண்டும். பூட்டு வர முடியாவிட்டால் சாவி போக வேண்டியதுதான். மேரி மேசைக்கடியில் குனிந்து ஸ்க்ரூடிரைவரால் சித்தப்பாவைக் கழற்ற ஆரம்பித்தார்.

ரகுபதிக்கு முகம் வெளுத்தது. "மேரிக்கா, காந்தம் கடைய வுட்டு வெளிய போகவே கூடாது. எவனாவது அடிச்சிக்கினு போனா அப்புறம் ஆறு மாடியும் தொறந்த வூடுதான்."

"அப்ப நீங்களும் வாங்க தம்பி. நீங்க காந்தத்தப் பாத்துக்குங்க, நான் பொண்ணப் பாத்துக்கறேன்."

கடையின் சட்டதிட்டங்களை மீறும்போதும் சட்டப்படி மீறுபவர் ரகுபதி. வெளியே போகும் பொருளுக்கான சீட்டை எடுத்து எழுதினார். பொருள்: காந்தம். எண்ணிக்கை: ஒன்று. திரும்பி வருமா: வரும். சாட்சி என்ற கட்டத்தில் எழுத ஆள் இல்லாமல் என்னைப் பார்த்தார். கையெழுத்துப் போட்டேன். "சாட்சி கூடவே வரணும் சார்" என்றார். சட்டை மாற்ற வந்தவன் ஆட்டோவில் மூன்றாவது ஆளானேன்.

ஆட்டோ ஓட்டியவர் ஷரீஃப். வண்டி கிளம்பிப் பாண்டிபஜாரைத் தாண்டும் முன்பே, மேரியின் மடியில் துண்டு சுற்றிப் படுத்திருந்த சித்தப்பா ஒரு குலுக்கலில் எழுந்து, ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னாலிருந்த கம்பியில் 'தட்' என்று போய் ஒட்டிக்கொண்டார். ரகுபதி இழுத்தார். நான் இழுத்தேன். இருவரும் சேர்ந்து இழுத்ததில் வண்டிதான் கொஞ்சம் வலதுபக்கம் போனது.

"இன்னாக்கா, என் வண்டிய வுட்டு வர மாட்டேங்குது?"

"அவருக்கு உன் வண்டி புடிச்சிப்போச்சி நைனா."

"அப்பிடியே கம்பியோட கயட்டிக்கினு போங்க. கல்யாண வூட்டுக்கு நம்ம மொய்யா இருக்கட்டும்."

தேனாம்பேட்டை சிக்னலில் மேரி எங்கள் இருவரின் கையையும் தட்டிவிட்டார். "இவர இயுக்கக் கூடாது. நவுத்தணும்." துண்டின் ஓரத்தைக் காந்தத்துக்கும் கம்பிக்கும் நடுவில் கொஞ்சம் கொஞ்சமாக நுழைத்து, கம்பியோடு சேர்த்தே பக்கவாட்டில் தள்ளிக்கொண்டு போய், கம்பி வளைகிற இடத்தில் 'வா ராஜா' என்று எடுத்துவிட்டார். ஷரீஃப் கைதட்டினார். பின்னாலிருந்த எல்லா வண்டிகளும் ஹாரன் அடித்தன. அதையும் அவர் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டார்.

ஒன்பது ஐம்பதுக்கு மண்டபம். வாசலில் இருந்த ஒரு மாமா, "மெஷின் வந்துடுத்து!" என்று அறிவித்ததும் கடிகாரம் கட்டியவர்களும் போன் வைத்திருந்தவர்களும் சுவரோரம் ஒதுங்கினார்கள். மகாராணி பவனி போல மேரி நடுவில் நடந்தார். சீர்ப் பாத்திரங்கள் அடுக்கியிருந்த வரிசையைத் தாண்டும்போது ஒரு எவர்சில்வர் தூக்கு மெல்லக் கிளம்பி, துண்டோடு சேர்த்துச் சித்தப்பாவைக் கட்டிக்கொண்டது. ஸ்ரீனிவாசராகவன் அதைப் பார்த்தார். பிறகு பாத்திரம் வாங்கிவந்த மச்சினரைப் பார்த்தார்.

"காந்தம் ஒட்டாத ஒசந்த ரகம்னு சத்தியம் பண்ணினீரே, ஓய்!"

"இது எந்தக் காந்தமோ! இது ஒட்டினா கணக்கில்லை" என்று மச்சினர் தூக்கைப் பிடுங்கிக்கொண்டு போனார். மற்ற பாத்திரங்களை யாரும் சோதிக்கவில்லை. கல்யாணம் நடக்க வேண்டுமே.

மணப்பெண் அறையில் ஒரு பாயின் மேல் அரக்கு நிறக் கூறைப்புடவை, நல்ல பிள்ளை போல மடிந்து கிடந்தது. எதிரே வைதேகி வேறொரு புடவையில் உட்கார்ந்து, சிரிக்கிறாளா அழுகிறாளா என்று கண்டுபிடிக்க முடியாதபடி சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, சீக்கிரம் பண்ணுங்கோ. இல்லேன்னா பூட்டோடயே கட்டிண்டு போய் உக்காந்துடுவேன்."

"வாயை மூடுடி!" என்றார் மாமி. "நாள் கிழமையும் அதுவுமா பூட்டுங்கறா."

மேரி தரையில் சித்தப்பாவை வைத்து, பட்டை அதன்மேல் ஏற்றி, வலது கையை நீட்டினார். நீட்டிய கை அந்தரத்தில் நின்றது.

"மாமி, இப்பவாச்சும் உள்ள கை வுடலாமா?"

"விடுடிம்மா, விடு. முழங்கை வரைக்கும் விடு!"

அறையே சிரித்தது, முதலில் சிரித்தது மாமிதான். மேரி கண்ணை மூடிக்கொண்டார். கை மடிப்புக்குள் நகர்ந்தது, நின்றது, எதையோ கவிழ்த்தது, பட்டுக்கு நோகாமல் அழுத்தியது. சத்தம் வரவில்லை. இன்னொரு முறை. வரவில்லை. நண்டின் வயிற்றுக்கும் காந்தத்துக்கும் நடுவில் ஜரிகை மடிந்து கிடந்தது. வெளியிலிருந்து வாத்தியார், "நாழியாறது, பொண்ணை அழைச்சிண்டு வாங்கோ" என்று குரல் கொடுத்தார். மாமி பெருமாளைக் கூப்பிட்டார். மேரி மாதாவைக் கூப்பிட்டார். ரகுபதி கதவுக்கு வெளியே நின்று, காந்தம் பத்திரமா என்று கேட்டார். மேரி ஒரே ஒரு மடிப்பை விரலால் விலக்கி மறுபடி அழுத்தினார்.

'டிக்.'

ஊசி மேரியின் கையில் வந்தது. மாமி எடுத்து உதறியதில் ஒன்பது கஜமும் பாயில் அருவி போல விழுந்து விரிந்தது. மூன்று மாமிகள் வைதேகியைச் சூழ்ந்து, கொசுவமும் கச்சமுமாகப் பன்னிரண்டே நிமிஷத்தில் கட்டி முடித்தார்கள். ரகுபதி காந்தத்தின் மேல் துண்டைப் போட்டு, துண்டின் மேல் தானே உட்கார்ந்து, இடுப்புச் சாவிக்கொத்து கீழே இழுபட இழுபடக் காபி குடித்தார். "நீயும் உக்காருடிம்மா, சாப்பிட்டுத்தான் போகணும்" என்று மாமி மேரிக்கும் ஒரு டம்ளரை நீட்டினார். மேரி வாங்கவில்லை. மேடைக்குப் போய்க்கொண்டிருந்த பெண்ணின் தலைப்பையே அவர் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று வாரம் ஊசி நின்ற இடத்தில், ஜரிகைக்கு ஒரு விரற்கடை மேலே, கடுகளவு ஒரு துளை.

பத்து இருபத்திரண்டு. நெல் மூட்டையின் மேல் அப்பா, அப்பாவின் மடியில் வைதேகி, எதிரே மாப்பிள்ளையின் கையில் தாலி. சுற்றி நின்ற உறவுக்கூட்டத்தை முழங்கையால் நகர்த்திக்கொண்டு மேரி பின்பக்கமாகப் போய் மண்டியிட்டார். ஸ்ரீனிவாசராகவனின் தோளுக்குப் பின்னால் தொங்கிய தலைப்பை இடது உள்ளங்கையில் ஏந்தினார். வாத்தியார் விரலை உயர்த்தினார். "கெட்டிமேளம்! கெட்டிமேளம்!" தவில் வெடித்தது, நாகஸ்வரம் எகிறியது, மண்டபம் முழுவதும் எக்கி நின்று மேடையைப் பார்த்து அட்சதையை வீசியது. மேரி நிமிரவில்லை. கட்டைவிரல் நகத்தால் மேலிருந்து கீழே இரண்டு தடவை, இடமிருந்து வலமாக இரண்டு தடவை, அந்தத் துளையைச் சுற்றி விலகிப்போன இழைகளை ஒன்றோடொன்று சேர்த்து நீவிக்கொண்டிருந்தார். ஒரு மஞ்சள் அரிசி வந்து நகத்தின் மேல் விழுந்தது. அதை ஊதித் தள்ளிவிட்டு மறுபடி நீவினார்.