அம்மன் வாங்கித் தந்த வீடு

மாரியம்மனை ஏமாற்றியவள் நான். ஒன்பது வயதில், கும்பிட்ட கையோடு ஏமாற்றினேன்.

ரிங்கிட் விழுந்து, ஆளாளுக்கு வேலை போய்க்கொண்டிருந்த நேரம். புக்கிட் ரோத்தான் பக்கத்துத் தோட்டத்தில், தொழிலாளர் லயத்தில் இருந்தோம். டவுன் தாமான் குடியிருப்பில் ஒரு வரிசை வீடு மலிவாக வந்தது. அதற்கு முன்பே பதிந்துவைத்திருந்தவர் வேலை போனதால் விட்டுவிட்டாராம். அப்பாவுக்கு லோரி ஓட்டும் வேலை. இப்போது விட்டால் எப்போதும் முடியாது என்பது அவர் கட்சி. ஓவர்டைமை நிறுத்தியவர்கள் அடுத்து ஆளை நிறுத்துவார்கள் என்பது அம்மாவின் கட்சி.

"அவன் கட்ட முடியாம போட்டுட்டுப் போன வீட்ட நாம எந்த டுயிட்ட வச்சி கட்டுறது?"

"எல்லாரும் பயப்படுறப்பதான்லா நமக்கு வெல கட்டுப்படியாவும்."

இரண்டு வாரம் சோற்றோடு இதையே சாப்பிட்டோம். கடைசியில் தோட்டத்துக் கோயிலில் பூக்கட்டிப் பார்ப்பது என்று முடிவானது. வாழையிலையில் சிவப்புப் பூ ஒரு பொட்டலம், வெள்ளைப் பூ ஒரு பொட்டலம். சிவப்பு வந்தால் வீடு. வெள்ளை வந்தால் லயமே கதி. கள்ளங்கபடம் இல்லாத பிள்ளைதான் எடுக்க வேண்டும் என்றார் பூசாரி. என்னை நிறுத்தினார்கள்.

அந்த வீட்டைப் பற்றி எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று: கழிப்பறை உள்ளேயே இருந்தது. லயத்தில் என்றால் வீட்டுக்குப் பின்னால் நடந்து போக வேண்டும்; போன மாதம் எனக்கு முன்பே ஒரு பாம்பு அங்கே போயிருந்தது. பொட்டலங்களை விரலால் அமுக்கினேன். மல்லிகை மெத்தென்று அமுங்கியது. செம்பருத்தியின் காம்பு குத்தியது. குத்தியதை எடுத்தேன். அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

குடிபோன நான்காம் மாதம் அப்பாவுக்கு வேலை போனது. அவருக்கு மறுபடி லோரி கிடைக்கும்வரை அம்மா பாசிர் பெனம்பாங் மீனவர் கிராமத்தில் மீன் கழுவப் போனார். விரல்களெல்லாம் வெடித்துக் கிடந்தன. அவை என்னால் வெடித்தவை என்று நினைத்தேன். கழிப்பறைக்குள் போகும்போதெல்லாம் அம்மனிடம் மன்னிப்புக் கேட்டேன்.

போன தீபாவளிக்குத்தான் அம்மாவிடம் சொன்னேன். அவர் வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை.

"ஒங்கப்பா மொத வாரமே முன்பணம் கட்டிட்டாரு. சட்டப் பையில ரசீத அப்பவே பாத்துட்டேன்."

"அப்புறம் பூ எதுக்கும்மா?"

"அவருகிட்ட தோக்குறதவிட ஆத்தாகிட்ட தோத்தா மரியாத. நீ என்னமோ நீதான் வீடு வாங்குன மாதிரி பேசுற."