கடிகாரத்தை மறந்த இரண்டு நொடி

2000-களின் மத்தியில் நான் ஜெர்மனியில், டார்ம்ஸ்டாட் நகரத்தில் ஒரு சாப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். வயது இருபத்தொன்பது, கல்யாணம் ஆகவில்லை. வாரநாட்கள் எப்படியோ ஓடிவிடும். ஞாயிறு வந்தால்தான் பிரச்சினை. கடைகள் எல்லாம் மூடியிருக்கும். சரி, துணியாவது துவைப்போம் என்று மெஷினைப் போட்டால், சத்தம் கேட்டுக் கீழ்வீட்டு அம்மா வந்து கதவைத் தட்டுவார்.

அப்படி ஒரு ஞாயிறு மதியம், ரயிலில் இருபது நிமிடம் தள்ளியிருந்த ஒரு சின்ன ஊருக்குக் கூடைப்பந்து பார்க்கப் போனேன். இரண்டாம் பிரிவில் ஆடும் தொழில்முறை அணி அது. திருச்சியில் காலேஜ் படித்தபோது நானும் அணியில் இருந்தவன்தான். நாலு வருடமும் பெஞ்சில் இருந்தேன் என்பதை மட்டும் யாரிடமும் சொல்வதில்லை.

அன்றைக்குத்தான் அவரை முதன்முதலாகப் பார்த்தேன். அமெரிக்காவிலிருந்து வந்து அந்த அணிக்கு ஆடிக்கொண்டிருந்தவர். முப்பது வயது இருக்கும். ஆறரை அடி உயரம். நாற்பது நிமிட ஆட்டத்தில் முப்பத்தொன்பது நிமிடம் அவர் பெரிதாக ஒன்றும் செய்த மாதிரி தெரியாது. கடைசி நிமிடம் வந்ததும் அந்த அரங்கமே எழுந்து நிற்கும். பந்து யாரிடம் போகப் போகிறது என்று எதிரணிக்கும் தெரியும். தெரிந்தும் தடுக்க முடியாது. அன்றும் ஒரு பாயின்ட் பின்தங்கியிருந்தார்கள். ஆட்டம் முடிந்ததென்று ஹாரன் அடிப்பதற்குள் கையை விட்ட பந்து விழுந்தால் கூடை செல்லும். சரியாக அந்த நேரத்தில் அவர் கையிலிருந்து கிளம்பிய பந்து வளையத்தைக்கூடத் தொடாமல் வலைக்குள் இறங்கியது. பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத ஜெர்மன் தாத்தா என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அவர் கையிலிருந்த பீரில் பாதி என் சட்டையில். ஒரே சீசனில் இது மூன்றாவது தடவை என்று அவர்தான் சொன்னார்.

அதன்பிறகு ஒரு ஞாயிறுகூட விடவில்லை. அரங்க வாசலில், மேசைப் பணிக்கு ஆள் தேவை என்று ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். ஸ்கோர் எழுதுவது, கடிகாரம் பார்ப்பது போன்ற வேலைகள். பெயர் கொடுத்தேன். சின்னதாக ஒரு பயிற்சி, ஜெர்மனில் ஒரு பரீட்சை. இரண்டாம் முறை பாஸானேன். ஆட்டக் கடிகாரத்தை ஓட்டுவதும் நிறுத்துவதும் என் பொறுப்பு. மைதானத்துக்கு வெளியிலிருந்து பந்தை உள்ளே எறியும்போது, உள்ளே இருப்பவரின் கை பந்தில் பட்ட அந்தக் கணம் நான் சுவிட்சை அழுத்த வேண்டும். அவ்வளவுதான் வேலை. காலேஜில் நாலு வருடம் உட்கார்ந்தவனுக்கு இங்கேயும் உட்காரும் வேலையே கிடைத்தது.

முதல் நாள் பயத்தில், "கடவுளே, காப்பாத்துப்பா" என்று எனக்குள் முணுமுணுத்தேன். பக்கத்தில் ஸ்கோர் எழுதிக்கொண்டிருந்த பெண், தாளிலிருந்து தலையைத் தூக்காமலே, "நீங்கள் தமிழோ?" என்றார்.

தூக்கிவாரிப் போட்டது. யாழ்ப்பாணத்தில் பிறந்து, ஐந்து வயதில் அப்பா அம்மாவோடு ஜெர்மனிக்கு வந்தவராம். ஆஸ்பத்திரியில் நர்ஸ். பள்ளி நாளில் நன்றாக ஆடியவர், முழங்கால் போனதால் மேசைக்கு வந்திருக்கிறார். அன்றிலிருந்து என்னை "அண்ணை" என்றுதான் கூப்பிடுவார். சுற்றிலும் ஆயிரம் பேர் கத்திக்கொண்டிருக்க, நாங்கள் இருவரும் தமிழில் பேசிக்கொள்வோம். எங்களைத் தவிர யாருக்கும் புரியாது என்பதில் ஒரு சந்தோஷம்.

சீசன் முடிய மூன்று ஆட்டங்கள் இருந்தபோதுதான் அது நடந்தது. அணியின் நிலைமை சரியில்லை. மூன்றில் இரண்டு ஆட்டமாவது ஜெயிக்காவிட்டால் அடுத்த வருடம் கீழ்ப்பிரிவுக்குப் போய்விடும். அன்றைய ஆட்டத்தில் நம் அணி ஒரு பாயின்ட் பின்னால். கடிகாரத்தில் மிச்சம் இரண்டே நொடி. பந்து நம் கையில். டைம் அவுட் முடிந்து எல்லோரும் உள்ளே வந்தார்கள். எனக்குப் பின்னால் ஒருவர் பெரிய மேளத்தை அடித்துக்கொண்டிருந்தார். அந்த அடி என் நெஞ்சுக்குள்ளேயே விழுகிற மாதிரி இருந்தது.

பந்து உள்ளே வந்தது. அந்த அமெரிக்கர் பிடித்தார். ஒருமுறை தரையில் தட்டினார். எறிவது போலப் போக்குக் காட்டினார், தடுக்க வந்தவன் எம்பிக் குதித்தான். இன்னொரு முறை தட்டி, ஒரு அடி பின்னால் நகர்ந்தார். நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். என்ன அழகு! அப்போதுதான் என் விரலுக்குக் கீழே இருந்த சுவிட்ச் ஞாபகம் வந்தது. அழுத்தினேன்.

அவர் எறிந்தார். பந்து காற்றில் இருக்கும்போதே ஹாரன் அடித்தது. பந்து உள்ளே.

அரங்கம் வெடித்தது. மேளக்காரர் மேளத்தைக் கீழே போட்டுவிட்டு ஓடினார். குழந்தைகள் மைதானத்துக்குள் பாய்ந்தார்கள். எதிரணி கோச் மட்டும் தன் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டிக்கொண்டே மேசையை நோக்கி வந்தார். நடுவர்கள் இருவரும் வந்தார்கள். அப்போதெல்லாம் எங்கள் அரங்கில் வீடியோவைத் திருப்பிப் போட்டுப் பார்க்கிற வசதி கிடையாது. மேசையில் இருப்பவர்கள் என்ன சொல்கிறார்களோ அதைக் கேட்டு நடுவர் முடிவெடுப்பார்.

தலைமை நடுவர் வழுக்கைத் தலையர், கண்டிப்பானவர். குனிந்து என்னிடம் கேட்டார்: "கடிகாரம் சரியான நேரத்தில் ஓட ஆரம்பித்ததா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாம் முடிந்துவிடும். ஊர் ஜெயிக்கும். என் தலைவர் ஜெயிப்பார். யாருக்கும் தெரியப் போவதில்லை.

"அண்ணை, நீங்கள் பிந்தித்தான் அமத்தினீங்கள்" என்றார் பக்கத்திலிருந்த நர்ஸ், மெதுவாக, தமிழில்.

"தெரியும்மா. இப்ப என்ன பண்றது?"

"நான் இன்னும் அந்த ரெண்டு பாயின்ரை எழுதேல்லை. நீங்கள் சொல்லுறதைத்தான் எழுதுவன்."

அவர் கையில் பேனா தாளுக்கு மேலே அப்படியே நின்றது. என்னை மிரட்டவும் இல்லை, கெஞ்சவும் இல்லை. என்னை நம்பிக் காத்திருந்தார், அவ்வளவுதான். அதுதான் என்னை ஆட்டிவிட்டது.

"என்ன பேசிக்கொள்கிறீர்கள்?" என்று நடுவர் அதட்டினார்.

எனக்குத் தெரிந்த அரைகுறை ஜெர்மனில் சொன்னேன்: "தவறு என்னுடையது. நான் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன். கடிகாரத்தைத் தாமதமாக ஓட்டினேன். ஒரு நொடிக்கு மேலேயே இருக்கும்."

நடுவர் என்னை ஒரு கணம் பார்த்தார். மற்ற நடுவரோடு பேசினார். பிறகு இரண்டு கைகளையும் குறுக்காக அசைத்தார். கூடை செல்லாது. ஆட்டம் முடிந்தது. நாங்கள் தோற்றோம்.

அந்த அரங்கத்தின் ஊளைச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. ஒரு காலிக் காகிதக் கோப்பை பறந்து வந்து என் தோளில் விழுந்தது. வெளியே சாசேஜ் விற்கும் அம்மா, நான் சைவம் என்பதால் எனக்கென்று ஒவ்வொரு ஞாயிறும் ரொட்டியில் கடுகுச் சாந்து தாராளமாகத் தடவிக் கொடுப்பார். அன்று வெறும் ரொட்டியை நீட்டினார். முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

ரயிலுக்குப் போகலாம் என்று பின்வாசல் வழியாக நழுவினேன். அங்கே அவர் நின்றிருந்தார், தோளில் பை, ஈரத்தலை. ஆறரை அடி. நான் அண்ணாந்து பார்த்து, ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"எனக்கு உள்ளுக்குள்ள ஒரு கணக்கு ஓடும்" என்றார். "இரண்டு நொடின்னா ஒரு தட்டு, ஒரு எறி. அவ்வளவுதான் நேரம். இன்னைக்கு நான் இரண்டு தட்டு தட்டி, போக்குக் காட்டி, பின்னால நகர்ந்தேன். ஹாரனைக் காணோம். எங்கேடா போச்சுன்னு நானே யோசிச்சேன்."

"தெரிஞ்சும் ஏன் போட்டீங்க?"

"ஹாரன் அடிக்கிற வரைக்கும் போடறதுதானே என் வேலை!" என்று சத்தமாகச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அன்று மதியத்திலிருந்து முதல் சிரிப்பு. பிறகு அவர் கொஞ்சம் தாழ்ந்த குரலில், "நடுவர் என்னைக் கேட்டிருந்தா நான் உண்மையைச் சொல்லியிருப்பேனான்னு தெரியல. நீங்க சொல்லிட்டீங்க" என்றார். என் முதுகில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, தன் உயரத்துக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு சின்ன சைக்கிளில் ஏறி, முழங்கால் கைப்பிடியில் இடிக்க இடிக்கப் போனார்.

செவ்வாய்க்கிழமை கிளப் மேலாளர் போன் செய்தார். ரொம்பவும் மரியாதையாக, "அடுத்த ஆட்டத்துக்கு நீங்கள் ஓய்வெடுத்துக்கொள்ளலாமே" என்றார். புரிந்தது. தவறு என்னுடையது, வாதாட ஒன்றுமில்லை. சரி என்றேன். விஷயத்தை நர்ஸுக்குச் சொன்னேன். "அப்பிடியெண்டா நானும் வரேல்லை எண்டு சொல்லுறன்" என்று அவர் துள்ளினார். வேண்டாம் என்று தடுத்துப் பார்த்தேன், கேட்கவில்லை.

வியாழக்கிழமை மேலாளர் மறுபடி கூப்பிட்டார். இந்த முறை அவர் குரலே மாறியிருந்தது. "உங்கள் பக்கத்து நாற்காலி அம்மணி திட்டியதைக்கூடச் சமாளித்திருப்பேன். ஆனால் நம்ம அமெரிக்க ஆட்டக்காரரே ஆபீஸுக்கு வந்துவிட்டார். கடிகாரத்தில் நீங்கள்தான் இருக்க வேண்டுமாம். நீங்கள் உட்கார்ந்திருந்தால் இனி அவர் போடும் கூடையை யாரும் சந்தேகப்பட மாட்டார்களாம். தயவுசெய்து வந்துவிடுங்கள்" என்றார்.

போனை வைத்ததும் முதல் வேலையாக நர்ஸைக் கூப்பிட்டு, ஞாயிறு வருகிறேன் என்றேன்.

அடுத்த ஞாயிறு போனேன். சிலர் ஊளையிட்டார்கள், சிலர் கை தட்டினார்கள். நம்ப மாட்டீர்கள், அந்த ஆட்டமும் கடைசி நொடிகளுக்கு வந்து நின்றது. மூன்று நொடி, ஒரு பாயின்ட் பின்னால், பந்து நம்மிடம். "அண்ணை, அவரைப் பாக்காதேங்கோ, பந்தை மட்டும் பாருங்கோ" என்றார் நர்ஸ். பார்த்தேன். பந்தில் விரல் பட்டது, அழுத்தினேன். அதன்பிறகு என் கண் கடிகாரத்தை விட்டு நகரவில்லை. அந்தக் கூடையை நான் பார்க்கவே இல்லை. வலை சரக்கென்ற சத்தமும், அதற்குப்பின் ஹாரனும், அதற்குப்பின் அரங்கம் போட்ட கூச்சலும்தான் எனக்குக் கிடைத்தன.

இந்த எதிரணியின் கோச் வேறொருவர்; அவரும் வேகமாக மேசைக்கு வந்தார். நடுவர் என்னிடம் குனிந்தார். "கடிகாரம் சரியா?"

"சரி" என்றேன்.

கோச் என்னையே உற்றுப் பார்த்தார். பிறகு நடுவரிடம், "போன ஆட்டத்தில் தப்பை ஒத்துக்கொண்டவர் இவர்தானே?" என்று கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினார் நடுவர். கோச்சுக்கு அது போதும். திரும்பிப் போய் நம் அணியோடு கைகுலுக்கினார். நர்ஸ் அந்த இரண்டு பாயின்ட்டையும் தாளில் எழுதி, அடியில் கோடு போட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

கடைசி ஆட்டத்தைப் பற்றிக் கேட்பீர்கள். அதில் நம் அணி இருபது பாயின்ட் வித்தியாசத்தில் சாவகாசமாக ஜெயித்து, இரண்டாம் பிரிவிலேயே தங்கியது. கடைசி நொடிக்காரருக்குக் கடைசி ஐந்து நிமிடம் வேலையே இல்லை. பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.

இப்போது நான் சென்னையில் ஒரு சாப்ட்வேர் டெஸ்டிங் குழுவை நடத்துகிறேன். "எல்லாம் சரி" என்று நான் எழுதிக் கொடுத்தால் அதை நம்பித்தான் அடுத்தவர்கள் வேலையைத் தொடங்குகிறார்கள். எங்கேயாவது சறுக்கியிருந்தால், யாராவது கண்டுபிடிக்கும் முன்பு நானே போய்ச் சொல்லிவிடுகிறேன். சொல்வது இன்றும் சுலபமில்லைதான். ஆனாலும், தவறு என்னுடையது என்று ஒருமுறை ஆயிரம் பேர் முன்னால் சொன்னதால்தான், நான் "சரி" என்று சொன்னபோது எதிரணிக்காரரே அதை நம்பினார் என்பது என்னைத் தைரியமாக நடக்க வைக்கிறது.