புரட்டாசியில் வாங்கிய கோழி

புரட்டாசியில் எங்கள் பக்கம் கறி தின்பவர்கள் குறைவதால் கோழி மலிவாகிவிடும். எங்கள் வீட்டிலும் அந்த மாசம் முழுக்க விரதம்தான். ஆனால் இந்த வருஷம் வீட்டுக்காரர் படுத்த படுக்கை. "தெம்பே இல்லம்மா, கோழி சூப்பு குடு" என்று செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள்.

பெருமாளிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, முட்டை விடுவது நின்றுபோன கோழி ஒன்றை முழுசாக வாங்கினேன். சதை கெட்டி, லேசில் வேகாது. எலும்பில் இன்று மிளகு சூப்பு, நாளைக்கு உருளைக்கிழங்கு சேர்த்துக் குழம்பு, மிச்சத்தைப் பிய்த்துப் போட்டு மறுநாள் கிளறிய சோறு என்று அவருக்காகவே நினைத்து வைத்திருந்தேன்.

குக்கர் விசில் அடித்ததும் படுத்தபடியே கேட்டார்.

"இன்னாடி வாசனை?"

"கோழிய்யா. உனுக்கு மட்டும்தான்."

"இன்னா மாசம்னு மறந்துட்டியா? சாவப்போற நேரத்துல என்னைப் பாவம் பண்ணச் சொல்றியா?"

"டாக்டரே சொல்றாருய்யா."

"அவரா வந்து பெருமாளுக்குப் பதில் சொல்வாரு?"

சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். எவ்வளவு கெஞ்சியும் வாயைத் திறக்கவில்லை.

சர்ச்சுக்குப் போகிற பக்கத்து வீட்டு அக்காவிடம் குக்கரோடு கொடுத்துவிட்டேன். அவர்கள் வீட்டில் மூன்று நாள் சாப்பிட்டார்கள். இவருக்குக் கஞ்சிதான், அதுவும் இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. தினமும் விளக்கேற்றிக் கும்பிடுகிறேன். ஆனாலும் ஐப்பசி வரைக்கும் இவர் தாங்குவார் என்று எனக்குத் தோன்றவில்லை.