விரலுக்குத் தட்டாத பிணைப்பு

ஐயம்பேட்டையைத் தாண்டிக் காஞ்சிபுரத்தை நோக்கி நடந்துகொண்டிருந்தேன். தோளில் பை, பைக்குள் ஒரு லுங்கி, இரண்டு சட்டை, வயர் முனையில் டெர்மினலை நசுக்கிப் பிடிக்கும் கிரிம்பிங் கருவி. ஷேர் ஆட்டோக்காரர் ஒருவர் வேகத்தைக் குறைத்து, "குந்துப்பா, பஸ் ஸ்டாண்டுதான?" என்றார். கையை ஆட்டி அனுப்பிவிட்டேன். ஏறினால் சீக்கிரம் போய்ச் சேர்ந்துவிடுவேன். சேர்ந்து என்ன செய்வது? விடிந்ததும் ஒரு மனிதர் செத்துப்போகக்கூடும். தடுக்க எனக்கு வழி தெரியவில்லை.

அவர் விசைத்தறி ரிப்பேர்க்காரர். மூடிப்போன தறிக் கொட்டகை ஒன்றில் வருடக்கணக்காக ஓர் ஆள் உட்காரும் விமானத்தைக் கட்டிக்கொண்டிருந்தார். அலுமினியக் குழாய்களால் கூடு, அதன்மேல் ஒட்டிச் சாயம் பூசிய துணி, பழைய காரிலிருந்து எடுத்த எஞ்சின். நான் எட்டாவதோடு நின்றவன். பல ஊர் சுற்றி, ஒரகடம் பக்கம் கார்களுக்கு வயர் கட்டும் கம்பெனியில் கொஞ்ச காலம் இருந்தேன். ஒப்பந்தம் முடிந்ததும் வெளியே அனுப்பினார்கள். டீக்கடையில் அவரிடம் பேச்சுவாக்கில் அதைச் சொன்னதும் என்னைக் கையோடு கூட்டிப்போனார். சாப்பாடு உண்டு, கொட்டகையில் படுத்துக்கொள்ளலாம். அப்போது எனக்கு அது போதும்.

கனெக்டர் பொறுக்குவதுதான் முதல் வேலை. அட்டைப்பெட்டி நிறைய வைத்திருந்தார். வீட்டு வயரிங்குக்குப் போடுகிற, திருகு வைத்த கட்டைகளை ஒதுக்கினேன். ஆட்டத்தில் திருகு தளர்ந்துவிடும். உள்ளே பச்சைக் களிம்பு பிடித்தவற்றைத் தூக்கிப் போட்டேன். ரப்பர் வளையம் உள்ளதாக, சொருகும்போது டக்கென்று பூட்டு விழுவதாகப் பார்த்து எடுத்தேன். எஞ்சின் பக்கத்துக்கு, ஈயம் பூசிய மெல்லிய பல இழை வயர்தான் வேண்டும் என்றேன். சென்னை போய் வாங்கி வந்தார். அந்த எஞ்சினுக்குப் பெட்ரோல் பம்பும் கரண்டில்தான் ஓடுகிறது, தீப்பொறியும் கரண்டில்தான் வருகிறது. ஒரு வயர் விட்டால் எஞ்சின் நிற்கும். மேலே போய் நின்றால் ஓரங்கட்ட இடம் கிடையாது.

அன்று மத்தியானம் கடைசி கனெக்டரைப் பூட்டிவிட்டு பம்பை ஓட்டிப் பார்த்தேன். சோர்ந்து ஓடியது. பாட்டரியில் இருந்த கரண்டு பம்பு வரை முழுசாக வரவில்லை. என் கனெக்டர்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன், குறையில்லை. மீதி இருந்தது, நான் வருவதற்கு முன்பே துணிக்குள் இழுத்து மூடியிருந்த வயர்தான்.

"இது ஒரே நீளமாண்ணா?"

"துண்டு வயருதான்பா. அவதான் சேத்துக் குடுத்தா," என்று மனைவியைக் காட்டினார்.

தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூலைப் பிணைப்பது அந்த அக்காவின் தொழில். தறியில் தீர்ந்துபோகும் பாவின் ஒவ்வோர் இழையோடும் புதுப் பாவின் இழையைச் சாம்பல் தொட்டு முறுக்கிச் சேர்க்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழைகள். பிணைத்த இடம் ஒன்றுகூட விரலுக்குத் தட்டக்கூடாது. வயரையும் அப்படித்தான் முறுக்கி, மேலே மெல்லிய டியூபை ஏற்றிச் சூடு காட்டி இறுக்கியிருந்தார்.

"எத்தினி எடத்துலக்கா?"

"அது யாருக்குப்பா தெரியும்? எங்க இருக்குதுன்னு தெரிஞ்சா அது இன்னா பிணைப்பு?" என்று சிரித்தார்.

விமானத்தில் ஓர் இணைப்பு என்றால் அது இருக்கும் இடம் தெரிய வேண்டும், திறந்து பார்க்க முடிய வேண்டும். துணியைக் கிழித்து எல்லா வயரையும் மாற்றியாக வேண்டும் என்றேன்.

அவர் வாசலுக்கு வெளியே கையை நீட்டினார். வானம் கருத்திருந்தது. பக்கத்து ஏரி காய்ந்து கெட்டியாகக் கிடந்தால்தான் அதன்மேல் விமானத்தை ஓட்டி மேலே எழுப்ப முடியும்.

"ஒரு மழ போதும்பா, ரொம்பிடும். அப்புறம் அடுத்த வருசம்தான். அதுவரிக்கும் எனக்குக் கண்ணு இருக்கணுமே."

அவருக்குச் சர்க்கரை. பார்வை மங்கிக்கொண்டே வந்தது.

அக்கா மிச்சமிருந்த ஒரு துண்டை எடுத்து வந்து நீட்டினார். "இழுத்துப் பாரு. வேணும்னா தொங்கிப் பாரேன்."

இழுத்தேன். காலால் மிதித்துக்கொண்டு இழுத்தேன். விடவில்லை.

"பாத்தியா? ஒங்க கம்பெனில இத சொல்லித் தரலியா?"

இழுப்பு இல்லை, ஆட்டம்தான் அறுக்கும் என்றேன். கையில் அறுபடாத வயரை வைத்துக்கொண்டு சொன்னதால் அது எனக்கே சாக்குப்போக்காகத்தான் கேட்டது.

"பயந்தாங்கொள்ளிக்கு ஏரோப்ளேன் வேல எதுக்குப்பா?" என்றார் அவர். "காலைல நானே ஏத்திப் பாக்கறேன். நீ கெளம்பு."

அப்படிக் கிளம்பி நடந்த வழியில் போலீஸ் ஸ்டேஷன் வந்தது. எதிர்ப்பக்கம் நின்றேன். உள்ளே போய்ச் சொன்னால் கொட்டகையைப் பூட்டி அவரை இழுத்துப்போவார்கள். அதற்கு முன்னால், ஊர் பேர் இல்லாத என்னைத்தான் உட்காரவைப்பார்கள். ஆனால் அவர் உயிரோடு இருப்பார். அது தெரிந்தும் சாலையைக் கடக்கக் கால் வரவில்லை.

பஸ் ஸ்டாண்டில் லுங்கியை விரித்துப் படுத்தேன். மழை வந்தால் அவர் போகமாட்டார் என்று காத்துக்கிடந்தேன். வரவில்லை.

வெளுக்கும்போது அந்த அக்கா வந்து என் முன்னால் நின்றார். தலை கலைந்திருந்தது. எழுந்து உட்கார்ந்தேன். "இங்கதான் இருப்பேன்னு தெரியும். எங்க போவ நீ?" என்று கையிலிருந்ததை என் மடியில் போட்டார். நான் இழுத்துத் தோற்ற அதே துண்டு. டியூபைப் பிரித்திருந்தார். உள்ளே இழைகள் அறுந்து துருத்திக்கொண்டிருந்தன.

"பக்கத்து பவர்லூம்ல, முன்ன பின்ன போய் அடிக்குதே பலக, அதுல இத்த கட்டிவுட்டு ஒரு பல்ப மாட்டுனேன். ஒரு சேல நெஞ்சு முடியல, பல்பு கண்ணடிக்க ஆரம்பிச்சிடுச்சி. அப்புறம் எரியவே இல்ல."

"அண்ணன் எங்கக்கா?"

"கொட்டாயிலதான் இருக்காரு. துணிய நானே கிழிச்சிட்டேன், ரெண்டு பக்கமும். பாத்துக்கினே நின்னாரு. திட்டியிருந்தாக்கூட பரவால்லப்பா." பிறகு குரல் ஏறியது. "இன்னா பாத்துக்கினு கீற? எழுந்து வா. என் பிணைப்ப என்னாலயே கண்டுபுடிக்க முடியல."

அன்று காலை நான் ஏற்றுக்கொண்ட வேலை அந்த வயர்களை உருவி எடுப்பது. கிழிந்த துணி இரண்டு பக்கமும் தொங்கியது. அக்கா கூட்டுக்குள் கையை விட்டு ஒரு முனையைத் தள்ளித் தர, நான் மறுமுனையை இழுத்தேன். வெளியே வந்ததைச் சாண் சாணாக வளைத்துப் பார்த்தோம். இரண்டு பேர் விரலுக்கும் எதுவும் தட்டவில்லை. நல்லது கெட்டது பிரிப்பதை விட்டுவிட்டு, எல்லாவற்றையும் வெட்டித் தரையில் போடத் தொடங்கினேன். வாசலில் அவர் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். ஏரிப் பக்கம் தூறல் விழ ஆரம்பித்திருந்தது.