ரிட்டயர்டு ஆபீசர் வண்டி, சிங்கிள் ஓனர்

இரண்டு வருஷத்துக்கு முந்தைய சித்திரை மாதம். நெய்வேலி டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸில் இருக்கிறோம். எனக்குச் சுரங்கத்தில் ஷிஃப்ட் வேலை. என் மனைவிக்கு அப்போதுதான் முதுகில் ஆபரேஷன் ஆகியிருந்தது. வாராவாரம் புதுச்சேரி ஆஸ்பத்திரிக்கு பிசியோதெரபிக்குக் கூட்டிப்போக வேண்டும். பஸ்ஸில் குலுங்கவே கூடாது, பயிற்சியும் விட்டுப்போகக் கூடாது, விட்டால் நிமிர்ந்து நடப்பது கஷ்டம் என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். வாடகைக் கார் கட்டுப்படியாகவில்லை. லோன் போட்டுப் பழைய கார் ஒன்று வாங்குவது என்று முடிவு செய்தோம்.

எங்கள் டவுன்ஷிப் வழக்கம் ஒன்றைச் சொன்னால்தான் நான் ஏமாந்த கதை புரியும். குவார்ட்டர்ஸ்காரர்கள் யாருக்கும் இது சொந்த ஊர் இல்லை. மதுரை, திருநெல்வேலி, கோயம்புத்தூர் என்று எங்கெங்கிருந்தோ வேலைக்கு வந்தவர்கள். மாசக் கடைசியில் யாராவது ரிட்டயர் ஆவார்கள். வீட்டைக் காலி செய்யும்போது பீரோ, கட்டில், ஃப்ரிட்ஜ், வண்டி எல்லாவற்றையும் அக்கம்பக்கத்தில் கொடுத்துவிட்டு ஊருக்குக் கிளம்புவார்கள். ரிட்டயர் ஆனவர் சாமானை யாரும் தட்டிப் பார்த்து வாங்குவதில்லை. பேரம் பேசினால்கூட மரியாதைக் குறைவு. எங்கள் வீட்டில் பாதிச் சாமான் அப்படி வந்ததுதான், ஒன்றுகூட மோசம் போனதில்லை.

இந்த வழக்கத்தை எங்களைவிட நன்றாகப் புரிந்து வைத்திருந்தார், வடலூர் போகிற ரோட்டில் பழைய கார் வியாபாரம் செய்யும் ஒருவர். எங்கள் பிளாக் வாட்ஸ்அப் குரூப்பில் அவருடைய விளம்பரம் வந்தது. ரிட்டயர்டு ஆபீசர் வண்டி, சிங்கிள் ஓனர், வீட்டுக்கும் ஆபீசுக்கும் மட்டும் ஓடியது என்று போட்டு, ஆபீசர் பெயரும் அவருடைய பிளாக்கும்கூட இருந்தது. நேரில் போனேன். வண்டி கல்யாண மாப்பிள்ளை மாதிரி மினுக்கிக்கொண்டு நின்றது.

"ஊருக்குப் போறாருங்க சார். வண்டிய வுட்டுட்டுப் போவ அவருக்கு மனசே இல்ல. நல்ல கையில குடுப்பான்னு எங்கிட்ட சொல்லிக்கினே இருந்தாரு" என்றார்.

ஆர்.சி.யில் வேறு பெயர் இருந்தது. கேட்டதற்கு, மருமகன் பெயரில் வாங்கியதாம். நானும் தலையாட்டினேன். ஆபீசருக்கு ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். பெரிய மனிதரைச் சந்தேகப்படுகிற மாதிரி ஆகிவிடுமே என்று கூச்சம். நீட்டிய பேப்பரில் கையெழுத்துப் போட்டுச் சாவியை வாங்கிக்கொண்டேன்.

ஒரு மாதம்கூட ஓடவில்லை. புதுச்சேரி போகும் வழியில் குறிஞ்சிப்பாடி தாண்டியதும் இன்ஜினிலிருந்து புகை வந்து வண்டி நின்றுவிட்டது. உச்சி வெயில். என் மனைவியால் உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. ரோட்டோரப் புளியமரத்தடியில் துண்டை விரித்து, இடுப்பு பெல்ட்டோடு படுத்துக்கொண்டாள். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். "பஸ்ஸுன்னா இந்நேரம் போய்ச் சேந்திருப்போம்ல" என்று மட்டும் சொன்னாள்.

மெக்கானிக் இன்ஜினே போச்சு என்று கையை விரித்துவிட்டார். இதுவரை எங்கே சர்வீஸ் செய்தார்கள் என்று ஆபீசரையே கேட்கலாம் என நினைத்தேன். ஊருக்குப் போகிறவரை வெறுங்கையோடு பார்க்கக் கூடாதே, பழம் வாங்கிக்கொண்டு அந்த பிளாக்குக்குப் போனேன். வாசலில் லாரி நின்றது, சாமான் ஏறிக்கொண்டிருந்தது.

"காரா? நான் கார் வாங்குனதே இல்லியே தம்பி. ஸ்கூட்டர் ஒண்ணு இருந்துச்சு, அதையும் குடுத்தாச்சு" என்றார்.

போனில் அந்த விளம்பரத்தைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். மறுபடியும் படித்தார். கட்டி வைத்த படுக்கை மூட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டார். "எம்பேரச் சொல்லியா வித்திருக்கான்?" என்றார்.

டீலரிடம் போனால், "உள்ளது உள்ளபடி வாங்கிக்கிறேன்னு கையெழுத்துப் போட்டீங்களே சார்" என்று அந்தப் பேப்பரை ஆட்டினார். ஷிஃப்ட் பஸ்ஸில் ஆளுக்கொரு யோசனை. கூட வேலை பார்ப்பவரின் தம்பி கடலூரில் வக்கீல். அவர்தான் தெளிவாகச் சொன்னார். மோசடி என்று போலீஸில் புகார் கொடுக்கலாம், சிவில் கோர்ட்டுக்குப் போகலாம், இரண்டு வருஷத்துக்குள் நுகர்வோர் ஆணையத்தில் மனு போடலாம். அங்கே வக்கீல் இல்லாமல் நாமே பேசவும் செய்யலாம். "உள்ளது உள்ளபடின்னு எழுதி வாங்கிட்டா பொய் சொல்லி விக்கலாம்னு அர்த்தம் இல்லைங்க" என்றார். முதலில் பதிவுத் தபாலில் நோட்டீஸ், அதற்குப் பதில் இல்லாததால் மனு. சர்வீஸ் சென்டரில் விசாரித்தபோது மீதிக் கதையும் வந்தது. அது ஒரு டிராவல்ஸ்காரர் வண்டி. காண்ட்ராக்டில் ராத்திரி பகலாக மைன்ஸுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு ஓடியது. பழைய சர்வீஸிலேயே எங்கள் மீட்டர் காட்டியதைவிட அதிகக் கிலோமீட்டர் பதிவாகியிருந்தது.

அதற்குப் பிறகு அலைச்சல். நைட் ஷிஃப்ட் முடித்து, குளித்தும் குளிக்காமலும் கடலூருக்கு பஸ் ஏறுவேன். எதிர்த்தரப்பு வாய்தா கேட்கும், திரும்பி வருவேன். ஒரு பக்கம் ஓடாத காருக்கு லோன், இன்னொரு பக்கம் வாடகைக் கார். அவள் புதுச்சேரி போவதைப் பாதியாகக் குறைத்துக்கொண்டாள். போனில் வீடியோ பார்த்துத் தரையில் பாய் போட்டுப் பயிற்சி செய்வாள். "விட்டுருங்க, ஒங்க மூஞ்சியப் பாக்க முடியல" என்றாள் ஒரு நாள். எனக்கும் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் டீலர் தரப்பு, அப்படி ஒரு ஆபீசரே கிடையாது, மெசேஜ் நாங்களே ஜோடித்தது என்றது. ஆபீசர் பிரமாண வாக்குமூலம் தபாலில் அனுப்பினாலே போதும், நேரில் வந்தால் இன்னும் நல்லது என்றார் வக்கீல். தயங்கித் தயங்கி போன் செய்தேன். தேதியை மட்டும் கேட்டுக்கொண்டார். அந்த வயதில், திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பஸ்ஸிலேயே வந்து இறங்கினார்.

"அந்தப் பேரு என்னுதுய்யா. அந்தக் காரு என்னுது இல்ல" என்றார் ஆணையத்தில். டீலர் முதல்முறையாகத் தலையைக் குனிந்தார்.

காரை எடுத்துக்கொண்டு பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், நஷ்டஈடும் தர வேண்டும் என்று உத்தரவானது. பணம் இழுத்து இழுத்து வந்து சேர்ந்தது. ஆனால் விட்டுப்போன பயிற்சிக்கு யார் உத்தரவு போடுவது? என் மனைவி இன்றும் ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்துதான் நடக்கிறாள். ஜெயித்துவிட்டாயே என்று யாராவது கைகொடுத்தால் எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

ஆபீசர் சாட்சி சொல்ல வந்த அன்று கடலூர் பஸ் ஸ்டாண்டில் டிக்கெட்டுக்குப் பணம் கொடுக்கப் போனேன். கையைத் தள்ளிவிட்டார். எனக்காக இவ்வளவு தூரம் வந்தீர்களே சார் என்றேன்.

"ஒங்களுக்காக வரல தம்பி. அந்த ஆளு ஓட்டக் காரத் தலையில கட்டிட்டு ஊருக்குப் போயிட்டான்னு நாளைக்கு நெய்வேலியில ஒருத்தன் பேசிரக் கூடாதுல்லா" என்றார்.

இனி ஒரு நாள்கூட நெய்வேலியில் வாழப் போகாத மனிதருக்கு, அங்கே தன் பெயர் கெடக் கூடாது என்று அவ்வளவு கவலை; தினமும் அதே ரோட்டில் கடை திறக்கிறவருக்கு அது துளியும் இல்லை. யாரையும் நம்பாமலே இருந்துவிடலாம் என்று அலுத்துப்போகிற நாட்களில், அந்த ஆபீசருக்காகத்தான் நான் இன்னும் அப்படி முடிவெடுக்காமல் இருக்கிறேன்.