மேல்மாடிப் பிள்ளையின் தலைக்கு ஆள் தேடியது

எனக்கு எழுத்து அவ்வளவு ஓடாது. மூன்றாம் வகுப்போடு நின்றவள். ஒரு பக்கம் எழுதி முடிக்க ஒரு பின்னேரம் போய்விடும். பின்னேரங்கள் என்னிடம் நிறைய இருக்கின்றன. ஆகவே அவசரம் இல்லை.

என் வீடு துறைமுகத்துக்குப் பின்னால் இருக்கிறது. கப்பல் ஊதினால் குசினிக்குள் அடுப்படியில் கேட்கும். என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் வேலை செய்து கட்டிய வீடு. பிள்ளைகள் கலியாணம் முடித்து இங்கேயே இருப்பார்கள் என்று நினைத்து மேல்மாடியும் போட்டார். மகள் ஒரு நாட்டில், மகன் இன்னொரு நாட்டில். ஞாயிற்றுக்கிழமைகளில் போன் எடுப்பார்கள். "அம்மா, மருந்து குடிச்சனீங்களோ?" என்று கேட்பார்கள். குடித்தேன் என்பேன். அதற்குமேல் இரண்டு பக்கமும் கதை இருக்காது. வீட்டுக்காரர் மோசம் போன பிறகு மேல்மாடி விளக்கைப் போட வேண்டிய தேவையும் வரவில்லை.

பிறகுதான் அந்தப் பிள்ளை வந்தாள். கானா என்கிற ஆபிரிக்க நாட்டுப் பிள்ளை. கடலைப் பற்றி ஆராய்கிற ஒரு கந்தோரில் வேலை. முப்பது வயதிருக்கும். இங்கே வருவதற்கு முன்னமே எங்கேயோ ஒரு வகுப்பில் தமிழ் படித்திருந்தாள். அது புத்தகத் தமிழ்.

"அம்மா, நான் மேலே வசிக்கலாமா?" என்றாள் முதல்நாள்.

"வசியுங்கோ பிள்ளை. ஆனா தண்ணி மோட்டரை விடியப்புறம் போடாமல் வசியுங்கோ" என்றேன்.

சிரித்தாள். அப்படி உரத்த சிரிப்பு. அந்த வீட்டில் யாரும் அப்படிச் சிரித்துக் கன காலம்.

வரும்போது அவள் தலை நிறையச் சின்னச் சின்னப் பின்னல்கள். நூல் மாதிரி மெல்லியவை, தோள்வரை தொங்கும். அவளுடைய அக்கா பின்னி அனுப்பியதாம். சின்ன வயதிலிருந்து அக்காவின் கைதான். அதனால் தானாகப் பின்ன அவள் பழகவே இல்லை. அந்தப் பின்னலைக் காலம் முழுதும் வைத்திருக்க ஏலாது, அவிழ்த்து, முழுகி, திரும்பப் பின்ன வேண்டும் என்பது எனக்கு அப்போது தெரியாது.

சித்திரை வெயிலில் ஒருநாள் அவிழ்க்கத் தொடங்கினாள். அது ஒருநாளில் முடிகிற வேலையாக இருக்கவில்லை. அவிழ்த்து முடித்து எங்கள் கிணற்றுத் தண்ணீரில் முழுகினாள். எங்கள் கிணறு கடலுக்குக் கிட்ட, உவர். தலைமயிர் காய்ந்ததும் தேங்காய்த் தும்பு மாதிரி முறுகி நின்றது. கொண்டுவந்த களிம்புப் போத்தல் அதற்குள் முடிந்துவிட்டது. கடைத்தெருவில் கேட்டால், தலைமயிரைப் பட்டுப்போல நேராக்கும் என்று படம் போட்ட போத்தலைத்தான் எடுத்து வைத்தார்கள்.

அன்றைக்கு விளக்கு வைக்கிற நேரம் அவள் விரித்த தலையோடு வாசல் படலையடியில் நின்றாள். காற்றுப் பட்டால் காயும் என்று நின்றிருக்கிறாள். கொஞ்ச நேரத்தில் பக்கத்து வீட்டு மனிசி வாயைப் பொத்திக்கொண்டு ஓடி வந்தாள்.

"அக்கா, ஆர் மோசம் போனது? அந்தப் பிள்ளையின்ர தாயோ?"

"ஒருத்தரும் சாகேல்ல. தலை காயவிடுது."

"விளக்கு வைக்கிற நேரம் தலைவிரி கோலமா நிண்டா என்னெண்டு நினைக்கிறது? நான் பிலாக்காய் அடுப்பில கிடக்க ஓடி வாறன்!"

"அப்ப ஓடிப்போய் இறக்கு. பிலாக்காய்தான் மோசம் போகப்போகுது."

பிள்ளைக்குப் பாதி விளங்கியது. அன்றிலிருந்து விளக்கு வைக்கிற மைம்மல் நேரத்தில் தலையில் துணி கட்டிக்கொள்ளப் பழகினாள். பிறகு பகலிலும் கட்டினாள். பஸ்ஸில் பின்னுக்கு இருக்கிறவர்கள் கேளாமல் தொட்டுப் பார்க்கிறார்கள் என்றாள்.

நான்தான் அவளைச் சலூனுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கலியாணப் பெண்களை வெளிக்கிடுத்துகிற பெரிய சலூன். அங்கே இருந்தவள் துணியை அவிழ்த்துப் பார்த்துவிட்டு, எங்களிடமல்ல, கண்ணாடியிடம் பேசுவதுபோல் பேசினாள்.

"ஆன்ட்டி, இது என்ன தலை? சீப்பு இறங்குதே இல்ல."

"பெரிய பல்லுச் சீப்பு இல்லையோ?"

"சீப்பால ஆகாது. நேராக்கிற மருந்து போட்டுத்தான் ஏதும் செய்யலாம். போட்டா பொம்பிளை மாதிரி வடிவா வருவா."

மற்றப் பெண்கள் சிரித்தார்கள். பிள்ளை கதிரையை விட்டு எழும்பித் துணியைக் கட்டினாள்.

"நான் இப்போதும் பெண்தான்" என்றாள், அந்தப் புத்தகத் தமிழில். சிரிப்பு நின்றது.

திரும்பி வரும்போது ஓட்டோவுக்குள் துணியை இன்னும் இறுக்கிக் கட்டினாள். பிறகு சொன்னாள்: கொழும்பில் ஒரு நைஜீரியாப் பெண் இருக்கிறாளாம், வீட்டில் வைத்தே பின்னி விடுவாளாம். கந்தோரின் தலைமை இடமும் கொழும்பில்தான். அங்கே இருந்து வேலை செய்யக் கேட்டால் விடுவார்கள். "நான் கொழும்புக்குப் போகலாம் என்று நினைக்கிறேன், அம்மா."

"ஓம் பிள்ளை. வசதி எண்டால் போங்கோ" என்றேன்.

வேறு என்ன சொல்வது? உப்பு முடிந்தால்கூடப் பக்கத்து வீட்டில் கேட்காதவள் நான். பெற்ற பிள்ளைகள் வெளிக்கிட்ட நாளிலும் இரு என்று சொன்னதில்லை. ஆனால் வீட்டுக்கு வந்து குசினிக்குள் நின்றபோது மேலே அவள் நடக்கிற சத்தம் கேட்டது. அலுமாரிக்குப் போகிறாள், யன்னலுக்கு வருகிறாள். அந்தச் சத்தத்துக்கு நான் எவ்வளவு பழகிப்போயிருக்கிறேன் என்பது அப்போதுதான் தெரிந்தது. அது நின்றுபோனால் எனக்குக் கேட்க எஞ்சுவது கப்பல் ஊதுவது மட்டும்தான்.

அவளிடம் இரு என்று கேட்க மனம் வரவில்லை. ஆகவே இப்படித் தலை பின்னத் தெரிந்த ஆள் உண்டோ என்று மற்ற எல்லாரிடமும் கேட்டேன். கோயிலில் மாலை கட்டுகிறவளிடம், மருந்துக்கடையில், பக்கத்து வீட்டு மனிசியிடமும்கூட. "உங்களுக்கு ஏனக்கா இந்தக் கரைச்சல்? வாடகைக்கு வேற ஆள் வராதோ?" என்றாள் அவள். வாடகைக்குத்தான் என்று அவள் நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

கடைசியில் மீன் கொண்டுவருகிறவள்தான் சொன்னாள். "பாலையூற்றில ஒரு அம்மா இருக்கிறா. சட்டை தைக்கிறவ. போத்துக்கீசர் வழி வந்த பறங்கிக் குடும்பம், அதில ஆபிரிக்க ஆக்களின்ர வழியும் இருக்காம். உங்கட பிள்ளையின்ர அதே தலைதான். நான் கண்ணால கண்டனான்."

எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. அதே தலை என்றால் அதே வைத்தியமும் தெரியும்தானே என்று நினைத்தேன்.

ஒரு பெரிய காரியம் கேட்கப் போகிறபோது வெறுங்கையோடு போவது எங்கள் வீட்டுப் பழக்கம் இல்லை. தட்டத்தில் வெற்றிலை, ஒரு சீப்பு வாழைப்பழம், ஒரு பிஸ்கட் பெட்டி வைத்தேன். நான் கலியாணக் கூறைக்கு அடுத்ததாக வைத்திருக்கிற சேலையை உடுத்தேன். பிள்ளையையும் நல்ல சட்டை போடச் சொன்னேன். ஓட்டோ பிடித்துப் போனோம்.

அறுபது கடந்த மனிசி. தலையில் அவரும் துணி கட்டியிருந்தார். வாசலில் தட்டத்தைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார், திரும்பத் தட்டத்தைப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. மாதா படத்துக்குக் கீழே இருந்த நல்ல கதிரைகளில் எங்களை இருத்தினார். கேக்கும் சோடாவும் வந்தது.

"சமைக்கத் தெரியுமோ பிள்ளைக்கு?"

"ஆம், நன்றாகச் சமைப்பேன்" என்றாள் பிள்ளை.

"மாதா கோயிலுக்குப் போறனீங்களோ?"

"ஞாயிற்றுக்கிழமை போவேன்."

"தாய் தகப்பன் இருக்கினமோ? கூடப்பிறந்த ஆக்கள்?"

தலை பின்ன இவ்வளவு விசாரணையா என்று எனக்குத் தோன்றியது. ஆனால் கேட்டு வந்தவர்கள் நாங்கள், பொறுமையாக இருந்தேன். கடைசியில் அவர் கையைப் பிசைந்துகொண்டு சொன்னார்: "எனக்கு நல்ல விருப்பம். ஆனா மகன் கப்பல்ல நிக்கிறான். அவனைக் கேளாமல் நான் வாக்குக் குடுக்க ஏலாது, பாருங்கோ."

"மகன் ஏன்? நீங்கள் ஒராள் செய்தால் காணும்தானே."

"நானோ? நான் என்னெண்டு?"

அப்போதுதான் எனக்குத் தட்டம் நினைவுக்கு வந்தது. மாப்பிள்ளை கேட்டு வந்திருக்கிறோம் என்று நினைத்திருக்கிறார்! பிள்ளைக்கு விளங்கியபோது அவள் சிரித்த சிரிப்பில் தையல் மெசினுக்கு அடியில் படுத்திருந்த பூனை வெளியே ஓடியது. அந்த அம்மாவும் சிரித்தார். "அதுதானே பாத்தன், என்ர மகனுக்கு இவ்வளவு வடிவான பெட்டையை ஆர் கொண்டுவந்தது எண்டு!"

சிரிப்பு அடங்கின பிறகு, வந்த காரியத்தைச் சொன்னேன். அவர் தன் தலைத்துணியை எடுத்தார். உச்சிவரை ஒட்ட வெட்டிய தலை. புள்ளி புள்ளியாக நரைத்த மயிர்.

"சின்னனில அம்மா வெட்டத் தொடங்கினவ. பள்ளிக்கூடத்தில கூட்டுற தும்புக்கட்டை எண்டு கூப்பிடுவினம். அது கேக்காமல் இருக்க வெட்டி விடுவா. பிறகு நானே வெட்டப் பழகீற்றன். இது வளந்தா எப்பிடி இருக்கும் எண்டு நான் கண்டதே இல்லை, அம்மா. நான் என்னத்தைச் சொல்லித் தாறது?"

துணியை மடியில் மடித்து வைத்தார். பிறகு அவர் பிள்ளையிடம் கேட்டார்: "ஒருக்காத் தொட்டுப் பாக்கவோ, மகள்?"

பஸ்ஸில் யாராவது தொட்டால் சினக்கிற பிள்ளை அது. துணியை அவிழ்த்துவிட்டு அவருக்கு முன்னால் குனிந்தாள். அவர் உள்ளங்கையை மெல்ல வைத்தார், சூடு பார்ப்பதுபோல. எடுக்க மனமில்லாமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் பிள்ளை பாயைக் கொண்டுவந்து என் கதிரைக்கு முன்னால் போட்டு இருந்தாள். போனை ஸ்டூலில் சாத்தினாள். அதற்குள் அவளுடைய அக்கா தெரிந்தாள்.

"அம்மா, நீங்கள் செய்யுங்கள். அக்கா சொல்லுவாள்."

"எனக்குத் தெரிஞ்சது மகளுக்குப் பின்னின இரட்டைப் பின்னல் மட்டும்தான், பிள்ளை."

"அதுவும் மூன்று பிரிதானே."

கைநிறையத் தேங்காயெண்ணெய் எடுத்து உச்சியில் வைத்து, எங்கள் வழக்கப்படி உச்சியிலிருந்து சீப்பை இறக்கினேன். பிள்ளை "ஆ" என்று கத்தினாள். போனுக்குள் அக்கா தலையில் கைவைத்தாள். நுனியிலிருந்து தொடங்கி மேலே மேலே வரவேண்டுமாம். மயிர் ஈரமாக இருக்க வேண்டுமாம், எண்ணெய் கடைசியிலாம். எழுபது வயதுக்கு மேல் தலை இழுக்கப் பழகினேன். வாளியில் நல்ல தண்ணீர் தனியாகப் பிடித்து வைத்தோம். பாலையூற்று அம்மாவும் சனிக்கிழமை தானாக பஸ் ஏறி வந்தார். வகிடு பிரிக்க, பிரித்ததைப் பிடிக்க அவர். முறுக்கிப் பின்ன நான். என் விரல் மூட்டுகள் வீங்கும். விட மனம் வராது. ஒரு தலை என் முழங்காலில் சாய்ந்து எத்தனை காலம்!

கடைசி வரிசை பின்னும்போது பாலையூற்று அம்மா தேத்தண்ணி போட உள்ளே போயிருந்தார். பிள்ளையின் முகம் எனக்குத் தெரியவில்லை, பிடரி மட்டும்தான் தெரிந்தது. பிடரிக்குச் சொல்வது முகத்துக்குச் சொல்வதுபோல் இல்லை.

"இஞ்சயே இரு, பிள்ளை" என்றேன்.

அவள் கையைப் பின்னால் கொண்டுவந்து என் பாதத்தின்மேல் வைத்தாள். போனுக்குள் இருந்த அக்கா தமிழ் விளங்காமல் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கடைசிப் பின்னலை முடித்தேன்.

கோணல் மாணலான பின்னல்தான். அவள் அதோடு கந்தோருக்குப் போனாள், கடலுக்குப் போனாள், படலையடியில் துணி கட்டாமல் நின்றாள். ஆனால் அந்த மாதக் கடைசியில் கந்தோர் அவளைக் கொழும்புக்குக் கூப்பிட்டுவிட்டது. கேட்டிருந்தது அவள்தான், சலூனுக்குப் போய்வந்த அந்தக் கிழமையே. திருப்பி வேண்டாம் என்று சொல்லலாமா என்று என்னைக் கேட்டாள். "வேலை பெரிசு பிள்ளை. போயிற்று வா" என்றேன். கேட்க வேண்டியதை நான் ஒருதரம் கேட்டுவிட்டேன். இரண்டாந்தரம் கேட்டால் அது அவளுக்குப் பாரம்.

கொழும்பிலிருந்து படம் அனுப்புவாள். நைஜீரியாப் பெண்ணின் பின்னல். வகிடெல்லாம் கோடு கீறினதுபோல நேர். நான் பிழை தேடிப் பார்த்தேன். ஒன்றும் அகப்படவில்லை. "வடிவா இருக்கு" என்று குரலில் பதிந்து அனுப்பினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் இப்போது மூன்று பேர் போன் எடுக்கிறார்கள். மூன்றாவது ஆளும் மருந்து குடித்தீர்களா என்றுதான் கேட்கிறாள்.

பாலையூற்று அம்மா தலைக்குக் கத்தரிக்கோல் வைப்பதை விட்டுவிட்டார். சில சனிக்கிழமைகளில் வருவார். மழை என்றாலோ, தைக்கக் கொடுத்தவர்கள் நெருக்கினாலோ வரமாட்டார். வந்தால் பிள்ளை விட்டுப்போன பாயில் இருப்பார். துணியை எடுப்பார். ஈரக் கையால் தடவி எண்ணெய் வைப்பேன். விரல் நகமளவு வளர்ந்திருக்கிறது. சுருண்டு சுருண்டு, வெள்ளையாக.

"பின்ன இந்த நீளம் காணுமோ?" என்று கேட்பார்.

"பிடிபடுகுதில்ல. வழுக்குது. இன்னும் கன நாள் இருக்கு."

"உங்களுக்கு அவசரமோ?"

"எனக்கென்ன அவசரம்" என்பேன்.

ஐந்து மணிக்கு அவருக்கு பஸ். அவர் போன பிறகு பாயைச் சுருட்டி, கதிரையைச் சுவரோடு தள்ளி வைப்பேன். மேலே சத்தம் இல்லை. குசினிக்குள் போய் விளக்கைப் போடுவேன்.