பேருந்தின் முதுகில் ஒரு முகம்

டிப்போவில் அவருக்கு ஆமை என்று பெயர். நான் அவர் வண்டியில் கண்டக்டர், வயதில் இளையவன், அதனால் அண்ணே என்பேன். டவுன் பஸ் ஓட்டுகிறவர்களிலேயே மெதுவாக ஓட்டுகிறவர் அவர்தான். மஞ்சள் விளக்கைப் பார்த்தாலே கால் தானாகப் பிரேக்குக்குப் போய்விடும். "இறங்கி நடந்தாலே சீக்கிரம் போயிடலாம் போல" என்று பயணிகள் முணுமுணுப்பார்கள். "தாராளமா நடங்க, டிக்கெட்டை மட்டும் பத்திரமா வச்சிக்கங்க" என்பார், திரும்பிப் பார்க்காமலே. அவர் ஓட்டிய வண்டி ஒரு கோழியைக்கூட நசுக்கியதில்லை.

ஒரே மகள். செருப்பு வார் அறுந்துவிட்டது என்றாள். விடுமுறை நாளில் ஸ்கூட்டரில் பின்னால் உட்காரவைத்துக் கடைத்தெருவுக்குக் கூட்டிப் போனார். குழாய் பதிக்கத் தோண்டிய குழி நடுச்சாலையில் வாய் பிளந்து கிடந்தது. தடுப்பு இல்லை, ஒரு சிவப்புத் துணிகூட இல்லை. முன்னால் போன லாரி குழியைச் சக்கரங்களுக்கு நடுவில் விட்டு அதன் மேலேயே ஓடிவிட்டது. அது விலகி, குழி இவர் கண்ணில் பட்டபோது ஸ்கூட்டரின் முன்சக்கரம் உள்ளே இருந்தது. இருவரும் தூக்கி எறியப்பட்டார்கள். அண்ணனின் ஹெல்மெட் கீறிப் பிளந்தது, தலைக்கு ஒன்றும் ஆகவில்லை. மகள் வெறுந்தலையாக விழுந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரவில்லை. பிள்ளைகள் அளவுக்கு ஹெல்மெட் அப்போது எந்தக் கடையிலும் கிடையாது, யாரும் கேட்டதும் கிடையாது.

அண்ணிக்கு மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை. காரியமெல்லாம் முடிந்ததும் நேராகச் சாலைத்துறை அலுவலகத்துக்குப் போனார். "அந்தக் குழியைத் தோண்டினது யாரு?" குழாய்க்காரர்களைக் கேளுங்கள் என்றார்கள். குழாய்க்காரர்கள், மூடவேண்டியது சாலைத்துறை என்றார்கள். அங்கும் இங்கும் அலைந்து அவர் செருப்பு தேய்வதற்குள் குழியை மூடித் தார் பூசிவிட்டார்கள். எந்த இடம் என்றே தெரியவில்லை.

அப்புறம்தான் அண்ணி மகளின் படத்தை எடுத்துக்கொண்டு போய் அந்தச் சாலையின் நடுவிலேயே உட்கார்ந்தார். முதல் வாரம் தனியாக. பிறகு, பிள்ளைகளைச் சாலையில் இழந்த மற்ற அம்மாக்களும் வந்தார்கள். ஒருநாள் எங்கள் பஸ்ஸே அங்கே நின்றுபோனது. அண்ணன் எஞ்சினை அணைத்துவிட்டு ஸ்டீரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், தாரில், அவர் மனைவி. "பிள்ளை செத்தா வீட்ல உக்காந்து அழ வேண்டியதுதானே, ஊரையே ஏன் நிறுத்தணும்?" என்று பின்னாலிருந்து ஒரு ஆள் கத்தினார். பஸ்ஸில் பாதிப் பேர் ஆமாம் போட்டார்கள்.

தேர்தல் கிட்டே வந்துகொண்டிருந்தது. தேசியச் சாலைப் பாதுகாப்பு முகமை என்று ஒன்றை அறிவித்தார்கள். வாகனப் பதிவு அலுவலகத்தின் மாடியில் ஒரே ஒரு அறை, இரவல் நாற்காலிகள், ஒரு டைப்பிஸ்ட் அம்மா. எதிர்ச் சாரி டீக்கடைக்குப் போக அந்தம்மா பயப்படுவார், சாலையைக் கடக்க முடியாது. இயக்குநராக வந்தவர் சாலைத்துறையில் பெரிய பதவியில் இருந்த பொறியாளர். அதிர்ந்து பேசாதவர். அண்ணியை வரவழைத்து, தானே எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"பிள்ளைகளுக்கும் ஹெல்மெட் கட்டாயம்னு சட்டம் கொண்டு வரணும்மா. அதுக்கு உங்க பொண்ணு முகம் வேணும்."

"குழி?"

"ஜனங்க மனசுல ஒரு நேரத்துக்கு ஒரு விஷயம்தான் நிக்கும். குழியை அடுத்த வருஷம் எடுப்போம்."

அண்ணி சம்மதித்தார். வீட்டில் சொல்லவில்லை.

ஒருநாள் டிப்போவில் வண்டி எடுக்கப் போனபோது பார்த்தோம். எங்கள் பஸ்ஸின் முதுகு முழுக்க அந்தப் பெண்ணின் முகம், பல் தெரியச் சிரிக்கிறது. கீழே பெரிய எழுத்தில்: "அப்பாவுக்கு இருந்தது. எனக்கு இல்லை."

அண்ணன் நின்று வாசித்தார். மறுபடியும் வாசித்தார். கைக்குட்டையை எடுத்து, மகளின் கன்னத்தில் ஒட்டியிருந்த புழுதியைத் துடைத்தார். பிறகு ஏறி வண்டியை எடுத்தார். அன்று முழுவதும் தன் மகளை முதுகில் சுமந்தபடி ஊரைச் சுற்றினார். நான் ஒவ்வொரு நிறுத்தத்திலும் இறங்கிப் பின்னால் நிற்பவர்கள் முகத்தைப் பார்த்தேன். "என்ன அப்பன்டா அவன்" என்றாள் ஒரு கிழவி, ஏறும்போதே. படியில் கால் வைத்து, டிரைவரைப் பார்த்து, "கொஞ்சம் இருப்பா ராசா, ஏறிக்கிறேன்" என்றாள்.

அன்று வீட்டில் நடந்ததைப் பின்னால் அவரே என்னிடம் சொன்னார். அண்ணி துணி மடித்துக்கொண்டிருந்தாராம்.

"உன்கிட்ட கேட்டுத்தான் போட்டாங்களா?"

"கேட்டாங்க. சரின்னேன்."

"குழியைப் பத்தி ஒரு வார்த்தை இல்லையே."

"அடுத்த வருஷமாம்."

"நீயும் அப்படித்தான் நினைக்கிறியா?"

அண்ணி கையிலிருந்த துணியை மடித்து முடித்தார். "இருந்தது ஒரு ஹெல்மெட். அதை யார் தலையில போட்டீங்க?"

அதற்கு என்ன பதில் சொன்னீர்கள் என்று கேட்டேன். "என்ன சொல்றது? என் தலையிலதானே போட்டேன்" என்றார்.

டிரைவர்தான் அந்த அப்பா என்ற விஷயம் மெல்லக் கசிந்தது. சில பயணிகள் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு அடுத்த பஸ்ஸுக்கு நின்றார்கள். அவர் வண்டி ஓட்டக் கூடாது என்று மனு வந்தது. நிர்வாகம் அவரை ஸ்டீரிங்கிலிருந்து இறக்கி, வண்டி கழுவும் இடத்துக்கு மாற்றியது. பஸ்ஸின் பின்புறத்தை மட்டும் வேறு ஆள் கழுவட்டும் என்று நான் மேற்பார்வையாளரிடம் கேட்டுப் பார்த்தேன். "அவர் பொண்ணுதானே, அவரே கழுவட்டும்" என்றார் அவர். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

சட்டம் வந்தது. கடைகளில் சின்ன ஹெல்மெட்டுகள் தொங்கின. பிள்ளைகள் சாவது உண்மையிலேயே குறைந்தது, அதை யாரும் இல்லை என்று சொல்ல முடியாது. முகமை சொந்தக் கட்டடத்துக்குப் போனது. அண்ணி சலவை வேலையை விட்டுவிட்டு, அவர்கள் அனுப்பிய வண்டியில் பள்ளி பள்ளியாகப் போய்ப் பேசினார். வீட்டில் இருவரும் ஒரே அடுப்பில் சமைத்ததைத் தனித்தனியாகச் சாப்பிட்டார்கள். சாப்பாடு, தண்ணீர், சாவி, இவற்றைத் தாண்டிப் பேச்சு கிடையாது.

முகமையின் ஆண்டு விழாவுக்கு அப்பாவும் மேடைக்கு வந்தால் நன்றாக இருக்கும் என்றார் இயக்குநர். அண்ணி வீட்டுக்கு வந்து, "என்னங்க, எனக்காக ஒரு தடவை வருவீங்களா?" என்று கேட்டாராம்.

"என்னங்கன்னு கூப்பிட்டாடா" என்றார் அண்ணன் என்னிடம். "பொண்ணு போனதுக்கப்புறம் இப்பதான் கூப்பிடுறா." சட்டையை இஸ்திரி போட என்னிடமே கொடுத்தார்.

"அண்ணே, மைக் கைக்கு வந்ததும் குழியைச் சொல்லிடுங்க" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார்.

விழா மண்டபம் நிறையப் பிள்ளைகள், எல்லார் மடியிலும் ஹெல்மெட். அண்ணன் மேடையில் அண்ணியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். சொல்லவேண்டிய ஒரே வரியை முன்பே சொல்லிக் கொடுத்திருந்தார்கள். மைக்கைப் பிடித்தார். என்னைப் பார்த்தார், பிறகு அண்ணியைப் பார்த்தார்.

"என் தலையை மட்டும் காப்பாத்திக்கிட்டேன்" என்றார்.

மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. இயக்குநர் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரைக் கட்டிப்பிடித்தார். நான் வெளியே வந்துவிட்டேன்.

அவர்கள் வாசலுக்கு வரும்வரை காத்திருந்தேன். அண்ணன் அண்ணியை ஒட்டியே நடந்து வந்தார். முகத்தில் வெகுநாளாக நான் பார்க்காத ஒரு களை.

"நல்லா சொன்னேனா?" என்று கேட்டார்.

"இன்னும் கொஞ்சம் சத்தமா சொல்லியிருக்கலாம்" என்றார் அண்ணி. "பின்னாடி இருந்தவங்களுக்குக் கேக்கல."

அடுத்த வருடமும் கூப்பிட்டார்கள். ஓய்வு பெறும்வரை ஆண்டுதோறும் போனார், நன்றாகச் சத்தமாகச் சொன்னார். குழியைப் பற்றி இன்றுவரை முகமை எதுவும் பேசவில்லை.